காலிப் பட்டியல் விட்ட விடுமுறை

"உங்க மக என்ன வேலை பாக்குறா?" என்று யாராவது கேட்டால், "கொழும்புக் கம்பனியில வேலை. அது போக லைப்ரரி ஒன்னும் பாத்துக்கிறா" என்று அம்மா சொல்வார். முதல் பாதி சரி. தலவாக்கலை டவுனில் ஒரு பேக்கரிக்கு மேலே உள்ள அறையை எடுத்து, அங்கிருந்தே கொழும்பு நிறுவனம் ஒன்றுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிறேன். இரண்டாம் பாதியும் பொய்யில்லை. ஆனால் அம்மா அதைச் சொல்லும்போது கேட்பவர்கள் மனதில் புத்தக அலுமாரிதான் எழும்பும்.

நான் அதைத் திருத்தவில்லை. விளைவு, எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யார் வீட்டைத் துப்புரவாக்கினாலும் பழைய புத்தகங்கள் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தன. பழைய பரீட்சை வினாத்தாள்கள், முடிந்துபோன வருடங்களின் பஞ்சாங்கங்கள், ஒரு தையல் மெஷினோடு வந்த விளக்கப் புத்தகம். கோயில் கமிட்டித் தலைவர் ஒருநாள் ஒரு சாக்கையே தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். அதற்குள் பாதி, அட்டை இல்லாத துப்பறியும் நாவல்கள். எதிலும் கடைசிப் பக்கம் இருக்கவில்லை. என் கணவர் அவற்றில் சிலவற்றைப் படித்துவிட்டு, கொலை செய்தது யாரென்று தெரியாமல் பல நாள் என்னிடம் குறைபட்டுக்கொண்டார்.

நான் பார்த்துக்கொள்வது புத்தகம் இல்லாத லைப்ரரி. மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு அடிக்கடி தேவைப்படும் சின்னச் சின்ன வேலைகள் இருக்கும். பட்டியல் ஒன்றை அகரவரிசைப்படுத்துவது, அதில் வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுப்பது, தேதியைக் கொடுத்தால் கிழமையைச் சொல்வது, இப்படி. ஆளாளுக்குப் புதிதாக எழுதிக்கொண்டிராமல், யாராவது ஒருமுறை ஒழுங்காக எழுதி எல்லோரும் எடுத்துப் பாவிக்கும்படி பொதுவில் வைத்துவிடுவார்கள். அந்தத் தொகுப்புக்குத்தான் லைப்ரரி என்று பெயர்.

எங்களுடையது லிஸ்ப் என்ற பழைய கணினி மொழிக்கானது. பிறந்து வெகுகாலம் ஆகிவிட்டதால் அந்த மொழி பல கிளைமொழிகளாகப் பிரிந்துவிட்டது. பார்வைக்கு எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், எங்கு பார்த்தாலும் அடைப்புக்குறிகள். ஓட்டிப் பார்க்கும்போதுதான், ஒன்றில் சரியாக இருந்த வரி இன்னொன்றில் வேறு எதையோ சொல்வது தெரியவரும். எங்கள் லைப்ரரியின் ஒரே பெருமை, நாலு கிளைமொழிகளிலும் அது ஒரே மாதிரி ஓடும் என்பது. அந்தப் பெருமையைக் காப்பாற்றுவதுதான் என் வேலை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக் கூரையில் தகரம் மாற்றுவதைப் போன்றது அது. ஒரு பக்கம் அடைத்தால் பக்கத்து வீட்டுக் காம்பராவில் ஒழுகும்.

லைப்ரரியை ஆரம்பித்தவர் வட ஐரோப்பாவில் எங்கோ இருக்கும் ஒரு பெரியவர். நான் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. ஒரு பக்கத்துக்கு எழுதிக் கேட்டால் ஒரு வரியில் பதில் வரும். நான் இரண்டாவது ஆள். எங்கள் இருவரையும் தவிர, வேறொரு பெயருக்குள் ஒளிந்துகொண்டு ஆங்கிலத்தில் நீள நீளமாக முறைப்பாடு எழுதும் ஒருவரும் இருந்தார். லைப்ரரியின் விளக்கக் குறிப்புகள் மனிதருக்கு விளங்கும்படி எழுதப்படவில்லை என்பதுதான் அவருடைய முக்கியமான கவலை. அந்தக் குறிப்புகளை எழுதியவள் நான். அதனால் நானும் சூடாகத்தான் பதில் எழுதுவேன். படித்து விளங்காதவர்களுக்காகப் படம் வரைய எனக்கு நேரமில்லை என்று ஒருமுறை எழுதியது ஞாபகம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது என் மகளின் பாடசாலை அதிபர் என்னை வரச் சொல்லி அனுப்பினார். அவர் ஹட்டன் பக்கத்துக்காரர், சத்தம் போடாமலே எல்லோரையும் நடுங்க வைக்கக்கூடிய பெண்மணி. நான் போய் உட்கார்ந்ததும், பாடசாலை நூலகம் பாழாய்க் கிடப்பதாகவும், நான் லைப்ரரி பார்த்துக்கொள்வதாகக் கேள்விப்பட்டதாகவும், ஒருநாள் வந்து ஒழுங்குபடுத்தித் தர முடியுமா என்றும் கேட்டார். அது வேறு லைப்ரரி என்று என்னால் முடிந்தவரை விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப புத்தகமே இல்லீங்களா?"

"இல்லீங்க மேடம்."

"ஒன்னு கூடவா?"

"வீட்டுல ஒரு சாக்கு இருக்குங்க."

அதைக் கொண்டுவரச் சொன்னார். அந்த வாரமே கணவர் தன் வேனில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கினார். கடைசிப் பக்கமில்லாத நாவல்கள் பாடசாலை நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அந்தக் கதை அங்கே முடிந்தது.

ஆனால் அன்று அதிபரின் அறையில் இன்னொருவரும் இருந்தார். தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கும் ஆசிரியர், யாழ்ப்பாணத்திலிருந்து நியமனம் கிடைத்து வந்து டவுனில் அறை எடுத்துத் தங்கியிருந்தவர். மூலையில் பிரின்டரின் வயிற்றைத் திறந்து வைத்து ஏதோ நோண்டிக்கொண்டிருந்தார். நான் விளக்கியதைக் கேட்டுத் தலையைத் தூக்கி, எந்த லைப்ரரி என்று கேட்டார். பெயரைச் சொன்னேன். ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"அதின்ரை விளக்கக் குறிப்பு எழுதினது ஆர்?"

"நான்தான் சேர்."

பிரின்டரின் மூடியை மூடினார். பிறகு மெதுவாக, "அது ஒண்டும் விளங்கேல்லை எண்டு எழுதினது நான்தான் அக்கா. கோவிக்காதேங்கோ" என்றார்.

மாதக்கணக்காக உலகம் சுற்றி வந்த எங்கள் சண்டை, அரை மைல் இடைவெளியில் நடந்திருக்கிறது.

அதற்குப் பிறகு அவர் எங்களோடு சேர்ந்து மூன்றாவது ஆளானார். பாடசாலை விட்டதும் பேக்கரி மாடிக்கு வருவார். கீழே பேக்கரியிலிருந்து பணிஸ் என்ற பன்னும் பால் விடாத பிளேன்டீயும் வரும். வேலை நன்றாகவே நடந்தது. ஒரே குறை, எங்களால் பழையபடி சண்டை போட முடியாமல் போனது. அவருக்கு நான் லைப்ரரியில் மூத்தவள், வயதிலும் மூத்தவள், அதனால் அக்கா. எனக்கோ அவர் என் மகளின் ஆசிரியர், அதனால் சேர். அவர் எழுதியதை முட்டாள்தனம் என்று சொல்ல வாய் வரும்போதெல்லாம் மகளின் தவணைப் பரீட்சை நினைவுக்கு வரும். "சேர், இது வந்து, இன்னொருக்கா பாத்தா நல்லாருக்கும்ங்க" என்று முடித்துவிடுவேன். அவருக்கும் அதே கஷ்டம் இருந்திருக்கிறது. "அக்கா சொன்னாச் சரியாத்தான் இருக்கும், ஆனால்" என்று ஆரம்பித்து, அந்த 'ஆனால்' முடிவதற்குள் பிளேன்டீ ஆறிப்போகும்.

அந்த மரியாதையையும் மீறி நாங்கள் மோதிக்கொண்டது ஒரே ஒரு விஷயத்தில்தான். பட்டியல் ஒன்றில் ஒன்றுமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். கணினி அதைப் பார்த்து, இதை 'ஆம்' என்று எடுப்பதா, 'இல்லை' என்று எடுப்பதா? ஒரு கிளைமொழியில் காலிப் பட்டியல் என்றாலே 'இல்லை'. இன்னொன்றில், காலியாக இருந்தாலும் அதுவும் ஒரு பட்டியல்தானே, ஆகவே 'ஆம்'. எங்கள் லைப்ரரியில் பொறுக்கி எடுக்கும் பகுதி, தேடியது ஒன்றும் கிடைக்காவிட்டால் காலிப் பட்டியலைத்தான் திருப்பித் தரும். வாங்குகிறவர் எந்தக் கிளைமொழிக்காரர் என்பதைப் பொறுத்து அதன் அர்த்தம் தலைகீழாக மாறும்.

வகுப்பில் ஒரு பிள்ளையும் வராவிட்டாலும் அது வகுப்புத்தான், பெயர் கூப்பிடத்தான் வேண்டும் என்றார் அவர். கொழுந்து இல்லாத கூடையைத் தராசுக்குக் கொண்டுபோனால் நிறுவை பார்க்கும் கண்டாக்கையா என்ன சொல்வார் என்று கொழுந்து பறித்த எங்கள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள் என்றேன் நான். பேச்சு முடியவில்லை. பெரியவருக்கு எழுதினோம். குறிப்பில் எழுதி வையுங்கள் என்று ஒரு வரி வந்தது. நான் எழுதினேன், அவர் விளங்கும்படி திருத்தினார். அதன்பிறகு அந்தக் குறிப்பை அவரும் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை.

மழைக்காலம் வந்தபோது அதிபருக்கு ஒரு தலைவலி இருந்தது. தோட்டங்களிலிருந்து பிள்ளைகள் வேனிலும் பஸ்ஸிலும் வருகிற பாதையில் மண் சரியும், மரம் விழும். பாடசாலை இல்லை என்று விடியற்காலையில் ஒவ்வொருவருக்கும் போன் செய்தே அவர் தொண்டை கட்டிப்போகும். ஆசிரியர் அதற்கு ஒரு வழி செய்தார். அதிபர் தன் போனிலிருந்து காரணத்தை மட்டும் அனுப்பி வைத்தால் போதும். பாடசாலைக் கணினி விடியும்போது, அன்றைய தேதிக்கு ஏதாவது காரணம் வந்திருக்கிறதா என்று எங்கள் லைப்ரரியை வைத்துப் பொறுக்கிப் பார்க்கும். வந்திருந்தால் எல்லாப் பெற்றோருக்கும் குறுஞ்செய்தி போகும்: "இன்று பாடசாலை நடைபெறமாட்டாது. காரணம்: மண்சரிவு அபாயம்."

அந்த 'நடைபெறமாட்டாது' எங்கள் தோட்டத்தில் பெரிய மதிப்பைப் பெற்றது. ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கிறது என்றார் அம்மா. மழைக்காலம் முழுவதும் அது ஒரு பிழையும் விடவில்லை. அதிபர் ஆசிரியர்கள் கூட்டத்தில் எழுந்து நின்று பாராட்டினார் என்று கேள்வி.

பிறகு பாடசாலைக்குப் புதிய கணினி ஒன்று வந்தது. அதில் எங்கள் பழைய கிளைமொழி ஏறமாட்டேன் என்றது. இன்னொரு கிளைமொழிக்கு மாற்றலாமா என்று ஆசிரியர் என்னைக் கேட்டார். "நாலுலயும் ஒரே மாதிரிதான் ஓடும் சேர், தைரியமா மாத்துங்க" என்றேன். மாற்றினார். 'பரீட்சார்த்தம்' என்று ஒரு காரணத்தைப் போட்டு, அதிபருக்கும் எனக்கும் மட்டும் அனுப்பிப் பார்த்தார். வந்தது. அழகாகவே வந்தது. காரணம் எதுவும் போடாமல் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

அடுத்த நாள் காலை, பல நாள் மழைக்குப் பிறகு வானம் கழுவி விட்டதுபோல் இருந்தது. எதிர் மலையில் கொழுந்து பறிப்பவர்களின் தலைத்துண்டு நிறம்கூடத் தெரிந்தது. என் கணவர் ஓட்டுவது பாடசாலை வேன். அதை ஸ்டார்ட் செய்து சூடேற்றிக்கொண்டிருந்தார். மகள் டை கட்டிக்கொண்டு நின்றாள். வீட்டில் இருந்த எல்லாப் போன்களும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டன.

"இன்று பாடசாலை நடைபெறமாட்டாது. காரணம்:"

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

கணவர் எஞ்சினை நிறுத்தினார். மகள் டையை ஒரே இழுப்பில் கழற்றினாள், காரணம் கேட்டு நேரத்தை வீணாக்கவில்லை. அதிபர் அவசரத்தில் எழுதாமல் விட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டு நான் தேநீரைக் குடித்தேன். அம்மா மட்டும் போனைக் கண்ணுக்கருகே வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"காரணத்த சொல்லாம லீவு விடுறாங்கன்னா, சொல்ல முடியாத காரணமாத்தான் இருக்கும்."

பிறகு அவரே யோசித்து, போன வாரம் மேல் லயத்தில் நாயைப் புலி தூக்கிக்கொண்டு போனதைச் சொன்னார். புலி என்று எங்கள் பக்கம் சொல்வது சிறுத்தையைத்தான். அது மலையிலிருந்து இறங்கிப் பாடசாலைப் பக்கம் போயிருக்கலாம், பிள்ளைகள் பயப்படக்கூடாது என்று அதிபர் எழுதாமல் விட்டிருக்கலாம் என்பது அம்மாவின் ஊகம். ஊகத்தை டயகமவில் இருக்கும் தன் தங்கைக்குப் போன் செய்து சொன்னார். நான் பேக்கரி மாடிக்குக் கிளம்பினேன்.

அந்தக் காலையில் எங்கள் வட்டாரம் முழுவதும் அந்த வெற்றிடத்தை நிரப்பிக்கொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு தோட்டத்தில் மந்திரி வருகிறார் என்றார்கள். இன்னொன்றில் ஆசிரியர்கள் வேலைநிறுத்தம். ஓய்வு பெற்றுப்போன பழைய அதிபர் காலமாகிவிட்டார் என்று ஒரு பக்கம் பரவி, அவர் வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்து உட்கார வைத்தவர் அவரேதான்.

நான் கணினியைத் திறந்த சிறிது நேரத்தில் ஆசிரியர் போன் செய்தார்.

"அக்கா, பள்ளிக்கூடத்தில ஒரு பிள்ளையும் இல்லை. மேடம் வாசல் கேற்றடியில நிக்கிறா."

"லீவுன்னு மெசேஜ் வந்துச்சே சேர்."

"ஆர் அனுப்பினது?"

"நீங்கதான் சேர்."

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அந்தக் காலிப் பட்டியல் ஞாபகத்துக்கு வந்தது என்று நினைக்கிறேன். அன்று காரணம் ஒன்றும் வரவில்லை. லைப்ரரி சொன்னபடியே காலிப் பட்டியலைக் கொடுத்திருக்கிறது. புதிய கிளைமொழி அதை 'ஆம், இருக்கிறது' என்று எடுத்துக்கொண்டு, இல்லாத காரணத்துக்காகப் பாடசாலையை மூடிவிட்டது.

நான் பையை எடுக்கும்போது அம்மாவின் போன் வந்தது. பாடசாலைக்குள் புலி இருப்பது உறுதியாகிவிட்டதாம். யார் சொன்னது என்று கேட்டேன். டயகமவிலிருந்து சின்னம்மா போன் செய்து சொன்னார் என்றார். "அங்க வரைக்கும் தெரிஞ்சிருக்கு பாரு" என்று வேறு சொன்னார். காலையில் அதைச் சின்னம்மாவுக்குச் சொன்னதே அவர்தான் என்று நான் சொன்னதை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. தான் சொன்னது 'இருக்கலாம்', தங்கை சொல்வது 'இருக்கு', இரண்டும் வேறு வேறு என்றார்.

பாடசாலைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். வாசலில் ஜீப் ஒன்று நின்றது. வலையும் பெரிய கூண்டும் அதன் பின்னால் இருந்தன. யாரோ பெற்றோர் அறிவித்திருக்கிறார்கள். வனவிலங்கு அதிகாரி ஒருவர், அவருடைய ஆட்கள், கூடவே ஒரு பொலிஸ்காரர். அதிபர் அலுவலகத்துக்குள் பெற்றோரின் போன்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். ஆசிரியர் முற்றத்தில் தனியாக அகப்பட்டிருந்தார்.

பொலிஸ்காரர் அவரிடம் சிங்களத்தில், "கொட்டியா"வைப் பார்த்தாயா என்று கேட்டுக்கொண்டிருந்தார். சிறுத்தைக்குச் சாதாரணப் பேச்சில் சிங்களத்தில் அதுதான் சொல். ஆனால் அந்தச் சொல்லுக்கு இந்த நாட்டில் வெகுகாலம் இன்னொரு அர்த்தமும் இருந்தது. அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம் வைத்திருக்கும் ஒருவர் பொலிஸுக்கு முன்னால் அந்தச் சொல்லோடு எந்தச் சம்பந்தமும் வைத்துக்கொள்ள விரும்பாததில் ஆச்சரியமில்லை. கேள்வி முடிவதற்கு முன்பே, "நான் ஒண்டையும் காணேல்லை" என்று தமிழிலேயே சொல்லி, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

அவருடைய சங்கடம் அதிகாரிக்குப் புரிந்திருக்க வேண்டும். அவர் சிரித்துக்கொண்டு, புத்தகத்தில் வரும் சொல்லுக்கு மாறினார். சிறுத்தைக்குச் சிங்களத்தில் ஒழுங்கான பெயர் "திவியா". அதே நேரம் அதிபர் போனோடு வெளியே வந்தார். அவருக்குக் கேட்டது அதிகாரியின் கடைசிக் கேள்வி மட்டும்தான்.

"திவியா கோ?"

திவியா எங்கே என்று அர்த்தம். எட்டாம் வகுப்பில் கிட்டத்தட்ட அதே பெயரில் ஒரு பிள்ளை இருக்கிறாள். காலையிலிருந்து நூறு கேள்விகளுக்குப் பதில் சொல்லிக் களைத்திருந்த அதிபருக்கு, பொலிஸ் ஏன் அந்தப் பிள்ளையைத் தேடி வந்திருக்கிறது என்ற பதற்றம் வந்துவிட்டது. அவர் நல்ல சிங்களத்தில், இன்றைக்கு வரவில்லை என்றார்.

நேற்று வந்ததா என்று கேட்டார் அதிகாரி.

நேற்று வந்தது, தினமும் வரும், வராமல் விட்டதே இல்லை என்றார் அதிபர்.

அதிகாரி பொலிஸ்காரரைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, வழக்கமாக எந்த இடத்தில் இருக்கும் என்று கேட்டார்.

முன் வரிசையில், ஜன்னலோரத்தில் என்றார் அதிபர்.

பிள்ளைகளுக்கு ஏதாவது தொந்தரவு கொடுத்ததுண்டா?

பக்கத்தில் இருக்கிறவர்களோடு கொஞ்சம் கதைக்கும், அதைத் தவிர மிக நல்ல பிள்ளை என்றார் அதிபர்.

கூண்டை இறக்கிக்கொண்டிருந்த ஆட்கள் அதை அப்படியே பாதியில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் உள்ளே புகுந்தேன். "மேடம், அவங்க கேக்குறது புலியங்க" என்றேன். அதிபர் என்னைப் பார்த்தார், கூண்டைப் பார்த்தார், பிறகு கையிலிருந்த போனைக் காதில் வைத்து, யாரும் அழைக்காமலே "ஹலோ" என்று சொல்லிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அதிகாரிக்கு விளக்குவது என் தலையில் விழுந்தது. புலி இல்லை என்றேன். அப்படியானால் ஏன் பாடசாலையை மூடினீர்கள் என்று கேட்டார். காரணம் இல்லை என்றேன். காரணம் இல்லாமலா? ஆமாம், காரணம் இல்லாததால்தான். எனக்குத் தெரிந்த சிங்களம் பஸ்ஸுக்கும் அரசாங்கக் கச்சேரிக்கும் போதுமானது, காலிப் பட்டியலுக்குப் போதவில்லை. வெறும் கையைக் குவித்துக் காட்டி, இதற்குள் ஒன்றும் இல்லை, ஆனால் எங்கள் மெஷின் இதையும் 'ஒன்று' என்று எடுத்துக்கொண்டது என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். முகம் தெளிந்தது. தன் அலுவலகத்திலும் அப்படித்தான், மாதம் முழுவதும் ஒன்றும் நடக்காவிட்டாலும், ஒன்றும் நடக்கவில்லை என்று ஓர் அறிக்கை மேலே போக வேண்டும், போகாவிட்டால் விளக்கம் கேட்பார்கள் என்றார். அந்த ஒரு நாளில் என் பேச்சை முழுதாக விளங்கிக்கொண்ட முதல் ஆள் அவர்தான்.

வந்தது வந்தாயிற்று என்று மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றினார்கள். நாயின் காலடி ஒன்று கிடைத்தது. ஆசிரியர்கள் அறையில் தேநீர் குடித்தார்கள். அவர்கள் ஜீப் போன பிறகுதான் அதிபர் எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

"சேர், நான் ஒரு காரணமும் அனுப்பலையே."

"ஓம் மேடம். அதுதான் பிரச்சினை."

"காரணம் சொல்லாம இருந்ததுக்கா லீவு விட்டுச்சு?"

"ஓம் மேடம்."

"அப்ப நான் தெனமும் காரணம் இல்லைன்னு ஒரு காரணம் அனுப்பணுமா?"

ஆசிரியர் அதைத் தொழில்நுட்ப ரீதியாக யோசிக்கத் தொடங்கியது முகத்தில் தெரிந்தது. நான் அவர் சட்டைக் கையை இழுத்தேன். நாங்கள் சரிசெய்துவிடுகிறோம் மேடம் என்று சொல்லி வெளியே கூட்டிவந்தேன். விட்டுப்போன நாளுக்கு ஈடாக அந்தச் சனிக்கிழமை பாடசாலை நடந்தது. பிள்ளைகள் ஆசிரியரைப் பார்த்த பார்வையை அவர் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

பேக்கரி மாடியில் உட்கார்ந்து பெரியவருக்கு நடந்ததை எழுதினோம். எந்தக் கிளைமொழி, எந்தப் பதிப்பு, என்ன எதிர்பார்த்தோம், என்ன நடந்தது என்று முறைப்படி. என்ன நடந்தது என்ற இடத்தில், கூண்டோடு அதிகாரிகள் வந்தார்கள் என்று எழுத வேண்டியிருந்தது. எங்கள் துறையில் யார் பிழை அறிவித்தாலும் முதலில் கேட்கப்படும் கேள்வி, அதை மறுபடி நிகழ்த்திக் காட்ட முடியுமா என்பது. பெரியவரின் பதில் வழக்கம்போல ஒரு வரியில் வந்தது. சிறுத்தையை மறுபடி வரவழைக்க முடியுமா என்று கேட்டிருந்தார். இத்தனை வருடத்தில் அவர் வேடிக்கை பேசி நான் பார்த்ததில்லை. அது வேடிக்கைதானா என்பதில் ஆசிரியருக்கு இன்றுவரை சந்தேகம் உண்டு.

தீர்வு சின்னதுதான். பட்டியல் காலியா என்று நேரடியாகக் கேட்கும் ஒரு சிறு பகுதியை லைப்ரரியில் சேர்த்தோம். எந்தக் கிளைமொழியில் கேட்டாலும் ஒரே பதில் வரும். அதை எழுதும் வேலை பணிஸ் தீர்வதற்குள் முடிந்தது. அதற்குப் பெயர் வைப்பதில் மூன்று பேரும் மல்லுக்கட்டி, ஒரு வாரம் எழுத்தில் சண்டை போட்டோம். எழுத்தில் என்றபடியால் அக்காவும் சேரும் இல்லாமல், பழைய காலம் மாதிரி நன்றாகவே போட்டோம். புதிய பதிப்போடு போகும் குறிப்பில், இந்த மாற்றத்துக்கான காரணம் ஒரு சிறுத்தை என்று ஆசிரியர் ஒரு வரி சேர்த்துவிட்டார். அதற்குப் பிறகு எங்கெங்கோ நாடுகளிலிருந்து, முன்பின் தெரியாதவர்கள் எழுதினார்கள். யாரும் லைப்ரரியைப் பற்றிக் கேட்கவில்லை. சிறுத்தைக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றுதான் கேட்டார்கள்.

அடுத்த மழை தொடங்கியது. ஒரு விடியற்காலை, கூரைத் தகரத்தில் பேசினால் கேட்காத அளவுக்குக் கொட்டிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது: "இன்று பாடசாலை நடைபெறமாட்டாது. காரணம்: கடும் மழை, பாதையில் மரம் விழுந்துள்ளது." ஒருவரும் நம்பவில்லை. என் கணவர் வேனை எடுத்துக்கொண்டு போய், வளைவில் மரத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார். அதிபரின் போன் ஓயவில்லையாம். ஒவ்வொருவருக்கும், "காரணம் இருக்குங்க. ஜன்னலத் தொறந்து பாருங்க" என்று சொல்லிச் சொல்லி, பழையபடி தொண்டை கட்டிவிட்டது.

செய்தியை நம்பாமல் பிள்ளைகளை அனுப்பிவிடுவார்களோ என்று ஆசிரியருக்கு அறையில் இருக்க முடியவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு பாடசாலைக்கே போயிருக்கிறார். கேற்றடியில் அதிபரும் குடையோடு நின்றிருக்கிறார். இரண்டு பேரும் மழைக்குள் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். மணியடிக்கும் நேரமும் கடந்தது. ஒரு பிள்ளைகூட வரவில்லை. "மேடம் அண்டைக்குத்தான் என்னைப் பாத்துச் சிரிச்சவ அக்கா" என்று அவர் பிறகு என்னிடம் சொன்னார்.